யாழ்ப்பாணத்து வாங்கும் தேத்தண்ணிக் கிளாசும்

(யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான நமது தோட்டப் பிள்ளைகளை வழியனுப்பும் கூட்டத்தில், முன்னர் அங்கே படித்துவிட்டு வந்தவர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



நாலு வார்த்தை வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நாங்கள் வந்தோம். ஆனால் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், அந்தப் பின்வரிசையில் இருக்கிற ஒரு அம்மா எங்களைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவர் அவர். இப்போது அவருடைய பேத்தி அங்கே படிக்கப் போகிறாள். "ஏங்க, அந்த ஊர்ல நம்ம புள்ளைக்கி கிளாஸ்ல தேத்தண்ணி குடுப்பாங்களா, இல்ல வேற எதுலயாச்சுமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு கேள்விக்குள் யாழ்ப்பாணத்தின் நூறு வருசக் கதை இருக்கிறது. அதனால் எழுதி வந்த வாழ்த்துரையை மடித்து வைத்துவிட்டு அதைப் பற்றியே பேசுகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேத்தண்ணியிலிருந்தே தொடங்குவோம். நம்ம தாய்மார் விடியற்காலம் மலையேறிக் கொழுந்து பறிக்கிறார்கள். அது நிறுத்து, பக்டரிக்குப் போய், வாடி, அரைபட்டு, தூளாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. மிச்சம் ஒரு பங்கு யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கும் போகிறது. இது அன்றைக்கும் நடந்தது. அங்கே கடையில் அந்தத் தூளைப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றும்போது என்ன நடந்தது தெரியுமா? உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் உள்ளே வாங்கில் உட்கார்ந்து கிளாசிலோ மூக்குப் பேணியிலோ குடித்தார்கள். கள் இறக்குகிறவர், உடுப்பு வெளுக்கிறவர், முடி வெட்டுகிறவர், பறை அடிக்கிறவர், வயலிலும் தோட்டத்திலும் கூலிக்குப் பாடுபடுகிறவர், இவர்களெல்லாம் கடைக்கு வெளியே நிற்கவேண்டும். அவர்களுக்கு வெறும் சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் தகரப் பேணியில். அதுவும் இல்லாவிட்டால் சிரட்டையில். காசு மட்டும் ஒரே காசு!

நம்ம கை பட்ட கொழுந்துதான் அந்தச் சிரட்டையிலும் இருந்தது. இதை நாங்கள் அங்கே படிக்கப் போன பிறகுதான் முழுசாக அறிந்தோம். அதுவரைக்கும், யாழ்ப்பாணத்தான் என்றால் படித்தவன், கந்தோர்க்காரன், நம்ம தோட்டத்துக்கு வாத்தியாராக வந்தவன் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். அந்த ஊரிலேயே மிதிபட்ட சனம் ஒன்று இருந்தது, அது எழும்பி நின்று தன் உரிமையை வாங்கியது என்பது நம்ம லயத்துக்கு வந்து சேராத செய்தி.

தேத்தண்ணிக் கடை மட்டும் இல்லை. கிணற்றில் அள்ளக்கூடாது. வேற ஆள் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்கவேண்டும். கோயிலுக்குள் போகக்கூடாது. பெண்கள் மேற்சட்டை போடுவதற்கே தடை இருந்த காலம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை வந்தாலும் வாங்கில் உட்காரமுடியாது. நாம் பெஞ்சு என்கிறோமே, அதைத்தான் அங்கே வாங்கு என்பார்கள். மற்றப் பிள்ளைகள் வாங்கில், இந்தப் பிள்ளைகள் நிலத்தில். சில இடத்தில் நிலமும் இல்லை, வெளியே விறாந்தைதான்.

இதை முதலில் எதிர்த்தவர்கள், பாதிக்கப்பட்ட சனங்களேதான். 1927இல் ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். யோவல் போல் போன்றவர்கள் அதில் முன்னுக்கு நின்றார்கள். அவர்கள் கேட்டதில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் சமமான இருக்கை. இரண்டு மூன்று வருசத்துக்குள் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவு வந்ததும் ஊர் குழம்பியது. சில ஊர்களில் பெரிய மனிதர்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினார்கள். பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பும் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு சின்னப் பிள்ளை மற்றப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரக்கூடாது என்பதற்காக, இரண்டு பிள்ளையும் படிக்கிற இடத்தையே கொளுத்தினார்கள்.

அதே காலத்தில் கல்லூரிகளுக்குள்ளேயும் ஒரு காற்று வீசத் தொடங்கியிருந்தது. 1924இல் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியைச் சுற்றி இளைஞர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து மாணவர் காங்கிரஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிறகு அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. அதற்கு உயிராக இருந்தவர் ஹண்டி பேரின்பநாயகம் என்ற ஆசிரியர். பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர், 1977இல் காலமானார். ஒறேற்றர் சுப்பிரமணியம் என்று பேர் பெற்ற ஸ்கந்தவரோதயக் கல்லூரி அதிபரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இவர்கள் தீண்டாமை ஒழியவேண்டும் என்று தீர்மானம் போட்டதோடு நிற்கவில்லை. எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று சொல்லி, அப்படியே சாப்பிட்டும் காட்டினார்கள். இன்றைக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். அன்றைக்கு ஒரு பந்திச் சாப்பாடு என்றால், வீட்டுக்குப் போனால் அப்பா கதவைத் திறக்கமாட்டார்.

1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது அவரை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்ததும் இந்த மாணவர் காங்கிரஸ்தான். அந்தப் பயணத்தில் அவர் நம்ம பக்கம் பதுளைக்கும் வந்தார். நம்ம தாத்தாமாரில் சிலர் ராட்டினம் சுற்றின கதை, காந்திக்குப் போட்ட காசுக் கதையெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். மாதக் கடைசியில் அவர் யாழ்ப்பாணம் போய்க் கல்லூரிகளில் பேசினார். தீண்டாமையைப் பற்றியும் பேசினார். ஆக ஒரே மாதத்தில் ஒரே மனிதரை மலையும் பார்த்தது, குடாநாடும் பார்த்தது. இரண்டு பக்கத்துச் சனமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளத்தான் இன்னும் வெகுகாலம் பிடித்தது.

இந்த இளைஞர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அவர்களிடம் ஒரு குறையும் இருந்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். 1931இல் இந்த நாட்டில் முதல் முறையாக எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. 21 வயது நிரம்பினால் ஆண், பெண், பணக்காரன், ஏழை, எந்தச் சாதி என்ற கேள்வி இல்லை. யாழ்ப்பாணத்தில் போத்தலில் தேத்தண்ணி குடித்த மனிதனுக்கு, உள்ளே வாங்கில் உட்கார்ந்தவனுக்குச் சமமாகக் கிடைத்த முதல் பொருள் அந்த வாக்குத்தான். ஆனால் அந்தத் தேர்தலை வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. வெள்ளைக்காரன் முழுச் சுதந்திரம் தரவில்லை, அரைகுறையாகத் தருவது வேண்டாம் என்பது அவர்கள் நியாயம். குடாநாட்டின் நாலு தொகுதிகளில் தேர்தலே நடக்கவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. பெரிய இலட்சியந்தான். ஆனாலும் வாக்கு எவனுக்கு அதிகம் தேவைப்பட்டதோ, அவன் கைக்கு வந்ததும் தட்டிப் போயிற்று. மேலே இருக்கிறவனுக்கு அரைகுறை என்று தோன்றுவது கீழே இருக்கிறவனுக்கு முழுசாக இருக்கும். வாக்கைப் பறிகொடுத்தவர்கள் நாம். 1947 தேர்தலில் வாக்குப் போட்ட நம்ம சனத்துக்கு, 1948, 49 சட்டங்களுக்குப் பிறகு பேரே இல்லாமல் போயிற்று. அதனால் இதை நாம் உடனே விளங்கிக்கொள்வோம்.

இப்போது கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம். அமெரிக்காவில் கிரீன்ஸ்போரோ என்று ஒரு ஊர். அங்கே கறுப்பின மக்கள் படிக்கிற ஒரு விவசாய, தொழில்நுட்பக் கல்லூரி. 1960 பெப்ரவரி 1ஆம் திகதி அந்தக் கல்லூரியின் முதலாம் வருச மாணவர் நாலு பேர், ஊரில் உள்ள வுல்வேர்த் என்ற பெரிய கடைக்குப் போனார்கள். கடையில் சாமான் விற்பார்கள், காசை வாங்கிப் போடுவார்கள். ஆனால் அங்கேயே இருக்கிற சாப்பாட்டு மேசையில் வெள்ளைக்காரர் மட்டும்தான் உட்காரலாம். இந்த நாலு பேரும் போய் அங்கே உட்கார்ந்து கோப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. எழும்பவும் இல்லை. கடை பூட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நாள் இன்னும் சிலர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் பலர். கொஞ்ச நாளில் பல ஊர்களில் மாணவர்கள் இப்படியே போய் உட்காரத் தொடங்கினார்கள். ஜூலை மாதக் கடைசியில் அந்தக் கடை மேசை எல்லாருக்கும் திறந்தது.

அந்தக் கல்லூரி இதை மறக்கவில்லை. ஒவ்வொரு வருசமும் பெப்ரவரி 1ஆம் திகதியைக் கொண்டாடுகிறது. கல்லூரி வளவிலேயே அந்த நாலு பேருக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைக் கட்டடம் 2010 முதல் மனித உரிமை நூதனசாலை. புதிதாகச் சேருகிற பிள்ளை, தன்னைப் போல ஒரு முதலாம் வருசப் பிள்ளைதான் இதைச் செய்தது என்று தெரிந்துகொண்டு வளர்கிறது.

அமெரிக்கா எங்கே, யாழ்ப்பாணம் எங்கே என்று நினைப்பீர்கள். கிரீன்ஸ்போரோவுக்கு இரண்டு வருசம் முந்தி, 1958இல், யாழ்ப்பாணத்தில் இதே வேலை நடந்தது. அங்கே கோப்பி, இங்கே தேத்தண்ணி. தேநீர்க்கடைப் பிரவேசம் என்று அதற்குப் பேர். நடத்தியது அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை. எம். சி. சுப்பிரமணியம் போன்றவர்கள் முன்நின்றார்கள். அவர் பிறகு 1970இல் நியமன அங்கத்தவராகப் பாராளுமன்றத்துக்குப் போனார். ஒரு வருசம் முந்தி, 1957இல், சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருந்தது. பொது இடத்தில் சாதி சொல்லித் தடுத்தால் குற்றம் என்றது அந்தச் சட்டம். சட்டம் தாளில் இருந்தது. கடை வாங்கில் உட்கார்ந்து "ஒரு தேத்தண்ணி, கிளாஸிலை தாங்கோ" என்று கேட்க ஆள் வேண்டுமே! அந்த ஆட்கள் போனார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்தில் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கிராமப்புறத்தில்தான் கஷ்டம்.

அந்தக் கஷ்டம் 1966இலிருந்து பெரிய போராட்டமாகியது. அந்த வருசம் ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளிக்கு ஒரு ஊர்வலம் போயிற்று. பொலிசார் அடித்தார்கள். அடியையும் வாங்கிக்கொண்டு போய்க் கூட்டம் நடத்தினார்கள். அந்தக் கட்சியின் தலைவர் சண்முகதாசன். பெரியவர்களே, இந்தப் பேர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம தோட்டங்களில் செங்கொடிச் சங்கம் கட்டினவர் அவர்தான். இங்கே மலையில் சம்பளத்துக்கும் துரைமாருக்கு எதிராகவும் கொடி பிடித்த அதே இயக்கம், அங்கே குடாநாட்டில் கோயில் வாசலுக்கும் கடை வாசலுக்கும் போனது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் என்று தனி அமைப்பே உண்டாயிற்று. சங்கானை, நிச்சாமம் பக்கத்தில் உயிர்களும் போயின. அதை விரிவாகச் சொல்ல இன்றைக்கு நேரம் இல்லை.

ஆனால் மாவிட்டபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் திருவிழாக் காலத்தில், எங்களையும் உள்ளே விடுங்கள் என்று அந்த மக்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே விடமாட்டோம் என்று வாசலை மறித்து நின்ற கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். சாதாரண ஆள் இல்லை. ஒக்ஸ்போர்டில் படித்தவர், பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் வர்த்தக மந்திரி. அவர்மீது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே வழக்கும் நடந்தது.

இதில் நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. 1948 டிசெம்பரில், நம்ம இந்திய வம்சாவளிச் சனத்தின் பிரஜாவுரிமை பற்றிய மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தபோது, வாக்களிக்காமல் எழும்பி வெளியே போனவர் இதே சுந்தரலிங்கம். பிரதம மந்திரி விளக்கம் கேட்டார். அவர் மந்திரிப் பதவியையே விட்டுப் போனார். நமக்காக நாற்காலியை விட்ட மனிதர்! இருபது வருசம் கழித்து அதே மனிதர் கோயில் வாசலில் நின்று இன்னொரு ஏழைச் சனத்தை மறித்தார். முதல் தடவை இதைப் படித்தபோது எங்களில் ஒருவர், "புத்தகத்துல பேரை மாத்தி அடிச்சிட்டாங்க போல" என்றார். மாற்றவில்லை. ஒரே ஆள்தான். நாங்கள் இரவு முழுதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். தனக்குத் தூரத்தில் நடக்கிற அநியாயம் மனிதனுக்கு உடனே தெரிகிறது. தன் வீட்டு வாசலில் நடப்பது பழக்கவழக்கம் என்று தோன்றிவிடுகிறது.

இந்தச் சனத்துக்குள்ளிருந்து எழுத்தாளர்களும் வந்தார்கள். கே. டானியல் எழுதிய "பஞ்சமர்" நாவல் நம்ம வாசிகசாலையில் இருக்கவேண்டிய புத்தகம். டொமினிக் ஜீவா முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தியதால் சின்ன வயதிலேயே படிப்பை விட்டவர். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் முடி வெட்டிக்கொண்டே எழுதினார். 1966இல் "மல்லிகை" என்ற மாத இதழைத் தொடங்கிப் பல வருசம் நடத்தினார். தானே இதழைக் கையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்பார். பள்ளிக்கூடம் வெளியே தள்ளின பிள்ளைக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 2021இல் காலமானார். நம்ம மலையகத்து எழுத்தாளர்களுக்கும் மல்லிகை பக்கம் ஒதுக்கித் தந்தது. இதை நன்றியோடு சொல்லவேண்டும்.

சரி, இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். இப்போது எப்படி?

உண்மையைத்தான் சொல்லவேண்டும், பிள்ளைகள் போகப்போகிற இடம். கடைகளில் எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தான். பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் யார் எங்கே உட்காருகிறீர்கள் என்று கேட்பதற்கு ஆள் இல்லை. ஆனால் எல்லாம் முடிந்துபோயிற்று என்று நாங்கள் சொன்னால் அது பொய். நாங்கள் முதலாம் வருசம் தங்குவதற்கு ஒரு வீட்டில் அறை கேட்டுப் போனோம். வீட்டுக்கார அம்மா, "எந்த இடம் பிள்ளையள்?" என்று கேட்டார். அட்டன் பக்கம் என்றோம். "தோட்டமோ?" என்றார். ஓம் என்றோம். அறை தந்தார், வாடகையும் நியாயந்தான். ஆனால், "கிணத்தடிக்கு நீங்கள் போகவேண்டாம் பிள்ளையள், நான் வாளியிலை நிரப்பி வைக்கிறன்" என்றார். எவ்வளவு அன்பான அம்மா என்று நாங்கள் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னோம்! ஒரு கிழமை கழித்துத்தான் எங்களுக்கு விசயம் விளங்கியது. பக்கத்து அறைப் பிள்ளைகள் கிணற்றடியில் தாராளமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். வாளி நமக்கு மட்டும்தான்.

அன்றைக்கு எங்களுக்கு வந்த அழுகை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதோடு கதை முடியவில்லை. அதே ஒழுங்கையில் இன்னும் நாலு வீடு தள்ளி, இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது போல. எங்கே, என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. "கிணறு அங்கை கிடக்கு, துலாக் கயிறு கொஞ்சம் பழசு, பாத்து அள்ளுங்கோ" என்றார். அவ்வளவுதான். மிச்சப் படிப்புக் காலம் முழுதும் அந்த வீட்டில்தான். முதல் வீட்டு அம்மாவும் யாழ்ப்பாணந்தான், இந்த ஐயாவும் யாழ்ப்பாணந்தான். ஒருவரை வைத்து ஊரைத் தீர்க்காதீர்கள்.

"தோட்டக்காட்டான்" என்ற வார்த்தையும் எங்கேயாவது காதில் விழும். 1977இலும் 1983இலும் இங்கே அடிபட்டு வன்னிப் பக்கம் போய்க் குடியேறின நம்ம சனத்தையும் அந்த வார்த்தை துரத்தியது. ஒரு காலத்தில் நம்ம பிள்ளைகளை எட்டு வயதிலும் பத்து வயதிலும் அங்கே வீட்டு வேலைக்குக் கொண்டுபோய் விட்டோம். கொண்டுபோனவர்கள் அவர்கள் மட்டும் இல்லை, அனுப்பினவர்கள் நாமும்தான். அந்த வார்த்தை காதில் விழுந்தால் அழுதுகொண்டு அறைக்குள் போய்ப் படுக்காதீர்கள். சண்டைக்கும் போகவேண்டாம். நின்று, "ஓம், தோட்டந்தான். நீங்க காலையில குடிச்ச தேத்தண்ணி எங்க ஊரு" என்று சொல்லிவிட்டுப் போங்கள். எங்களில் ஒருவர் இப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். சொன்னவனுக்கும் கேட்டவனுக்கும் பிறகு நல்ல சிநேகம். போன வருசம் அவன் கலியாணத்துக்கு நாங்கள் எல்லாரும் போய் வந்தோம்.

இன்னொன்று. இதைச் சொன்னால் கொஞ்சம் பேர் முகம் சுளிப்பீர்கள். சொல்லாமல் இருக்கவும் முடியாது. நம்ம லயம் சுத்தமா? அங்கே வாளியைப் பிரித்து வைத்ததைச் சொன்னோம். இங்கே திருவிழாவில் கரகம் யார் தூக்குவது, சாமியை யார் தொடுவது, தப்பு யார் அடிப்பது என்று வரும்போது நாம் என்ன பேசுகிறோம்? ஒரே பிரட்டுக்களத்தில் நின்று, ஒரே மலையில் வேலை செய்து, ஒரே வரிசை லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி இருக்கிறோம். கலியாணப் பேச்சு என்று வந்தவுடன் மட்டும் கப்பலில் ஏற முந்தின கணக்கு எல்லாம் எப்படி ஞாபகத்துக்கு வருகிறது? துரைக்கு நாம் எல்லாரும் ஒரே கூலி. அது தெரிந்தும் நாம் நமக்குள்ளேயே மேல் வீடு கீழ் வீடு வைத்திருக்கிறோம். நாங்களும் இதில் பழியில்லாதவர்கள் என்று சொல்லவில்லை. எங்களில் ஒருவரின் வீட்டிலேயே இந்த விசயத்தால் இரண்டு வருசம் பேச்சு இல்லாமல் இருந்தது.

தம்பி தங்கச்சிகளே, நீங்கள் போகிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறோம். 1974இல் அந்த வளாகம் தொடங்கியபோது பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில்தான் தொடங்கியது. முதல் தலைவர் பேராசிரியர் கைலாசபதி. பரமேஸ்வராக் கல்லூரியைக் கட்டினவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். பெரிய கல்விமான், கல்விக்குத் தன் சொத்தைக் கொடுத்தவர், அதை மறுக்கமுடியாது. ஆனால் எல்லாருக்கும் வாக்குரிமை கொடுக்கக்கூடாது என்று டொனமூர் ஆணைக்குழுக் காலத்தில் எதிர்த்து வாதாடியவரும் அவர்தான். வாக்கே கொடுக்கக்கூடாது என்று அவர் நினைத்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு அவர் கட்டின வளவில் பட்டம் வாங்குகிறார்கள். நம்ம பிள்ளைகளும் வாங்குகிறார்கள். நீங்கள் முதல் நாள் உள்ளே போகும்போது அந்தப் பழைய கட்டடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

கல்லூரிகளின் வரலாற்றுக்கு அங்கே பஞ்சமே இல்லை. எந்த ஆண்டு எந்தப் பாதிரியார் தொடங்கினார், கிரிக்கெட் ஆட்டத்தில் எந்த ஆண்டு யார் வென்றார் என்பதெல்லாம் பழைய மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நாங்கள் படித்த காலத்தில் சம ஆசனத்தைப் பற்றிக் கேட்டபோது சிலர், "அதெல்லாம் பழைய கதை தம்பி, இப்ப ஏன் கிளறுவான்?" என்று பேச்சை மாற்றினார்கள். சிலர் மாற்றவில்லை. ஒரு வயதானவர் எங்களை உட்காரவைத்து, தான் முதல் முதலில் வாங்கில் உட்கார்ந்த நாளைச் சொன்னார். பக்கத்தில் இருந்த பையன் தள்ளித் தள்ளிப் போய் வாங்கின் நுனியில் விழுந்துவிட்டானாம். "நான்தான் அவனைத் தூக்கிவிட்டனான்" என்று சொல்லிச் சிரித்தார். கண்ணில் தண்ணி. அந்தக் கதையை நாங்கள் அன்றைக்கு எழுதி வைக்கவில்லை. அவர் இப்போது இல்லை.

அதனால் ஒரு வேலை தருகிறோம். படிப்போடு படிப்பாக அங்கே உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். வாங்கு, கிணறு, கடை, கோயில், என்ன ஞாபகம் இருக்கிறதோ அதைக் கொப்பியில் எழுதுங்கள். விருப்பம் இல்லாதவர்களின் பேரைப் போடவேண்டாம். இங்கே இருக்கிற தாய்மாரிடமும் ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சின்ன வயதில் வீட்டு வேலைக்கு நின்றவர்கள் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் வாசிகசாலைக்கு வாருங்கள். நீங்கள் சொல்லுங்கள், எழுதுவதற்கு ஒரு பிள்ளையை உட்காரவைக்கிறோம். பின்வரிசை அம்மா, முதல் ஆளாக நீங்கள் வரவேண்டும். உங்களுக்குத் தேத்தண்ணி எதில் தந்தார்கள் என்று நீங்கள் இன்னும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பஸ் அட்டனிலிருந்து காலையில் வெளிக்கிடும். கம்பளி இங்கேயே இருக்கட்டும், அங்கே தேவைப்படாது. தண்ணீர்ப் போத்தல் கட்டாயம்.